ஒரே காருக்கு நான்கு விலை: ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் எந்தக் கணக்கை நம்புவது?

ஒரு டொயோட்டா ஆக்சியோவின் விலையை அறிய யாரும் சிரமப்படுவதில்லை. காத்தான்குடியிலோ கல்முனையிலோ நான்கு பேரைக் கேட்டால் நால்வரும் கிட்டத்தட்ட ஒரே தொகையைச் சொல்வார்கள். வண்டிகள் நிறைய, கைமாறுவதும் நிறைய. விலை தானாகவே ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லை. சிவிக் டைப் ஆர், ஆர்எக்ஸ்-8, லான்சர் எவோ, ஸ்டார்லெட் ஜீடி டர்போ என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கைமாறும் வண்டிகள் மிகச் சில. அந்தச் சிலவற்றிலும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆகவே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. எந்தக் கணக்கால் பார்க்கிறோமோ அந்தக் கணக்கின் விலைதான் கிடைக்கும்.

நடைமுறையில் உள்ளவை நான்கு கணக்குகள். விளம்பரங்களில் கேட்கும் விலை ஒன்று. லீசிங்குக்கும் காப்புறுதிக்கும் எடுக்கும் மதிப்பீட்டு அறிக்கை இரண்டு. இதே காரை இன்று ஜப்பானிலிருந்து இறக்கினால் என்ன முடியும் என்பது மூன்று. உடல், எஞ்சின், கியர் பொக்ஸ், வண்டியின் பதிவுப் புத்தகம் என்று தனித்தனியே பிரித்து விலை போடுவது நான்கு. ஒரே வண்டிக்கு இந்த நான்கும் நான்கு தொகை சொல்லும். பழைய டர்போ வண்டிகளில் கூடிய தொகைக்கும் குறைந்த தொகைக்கும் இடையில் இன்னொரு சின்னக் கார் வாங்கலாம்.

பழைய வண்டிக்கு நான்காவது கணக்கே அடிப்படை, மற்ற மூன்றும் அதைச் சரிபார்க்கத்தான். புதிதாக இறக்கிய வண்டிக்கு மூன்றாவது கணக்கு அடிப்படை. இதை மாற்றிப் பிடிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

விளம்பர விலை

இக்மன், ரியசெவண போன்ற இணைய விளம்பரத் தளங்களில் போட்டிருப்பது விற்பவர் விரும்பும் தொகை. வாங்கியவர் கொடுத்த தொகை அதில் எங்கும் பதிவாகாது. அதனால் ஒரு நாள் திறந்து பார்த்து, வந்த விலைகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் பயன் இல்லை. குறைந்தது ஆறு வாரம் தொடர்ந்து குறித்து வைக்க வேண்டும். விளம்பரம் எப்போது வந்தது, எத்தனை தடவை விலை இறங்கியது, எந்தத் தொகையில் இருக்கும்போது மறைந்தது என்று எழுதுங்கள். மறைவதற்கு முன் இருந்த கடைசி விலைதான் விற்ற விலைக்கு அருகில் உள்ளது. மூன்று மாதமாக அதே தொகையில் கிடக்கும் வண்டி, அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்பதைச் சொல்கிறது. அதுவும் உதவும் தகவல்தான்.

ஒப்பிடும்போது செசிக் குறியீடு (செசி இலக்கத்தின் தொடக்கத்தில் ரகத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும்), மனுவலா ஓட்டோவா, உற்பத்தி ஆண்டு, புத்தகத்தில் பெயர் யாருடையது ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டும் ஒரே வரிசையில் வையுங்கள். ஹொண்டா சீஆர்-இஸட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல்தான். ஆனால் இஸட்எஃப்1 இல் பழைய நிக்கல் பற்றரி, 100.8 வோல்ற். 2012 இல் வந்த இஸட்எஃப்2 இல் லிதியம் பற்றரி, 144 வோல்ற்; ஸ்டியரிங்கில் எஸ் பிளஸ் என்று ஒரு பொத்தானும் இருக்கும். ஆறு கியர் மனுவல் ஒரு பக்கம், சீவிடி ஓட்டோ மறு பக்கம். நான்கு வகை வண்டியையும் ஒரே பெயரில் சராசரி எடுத்தால் வரும் தொகை எந்த வண்டிக்கும் பொருந்தாது.

இன்னொன்று. விளம்பரங்களில் பெரும்பாலானவை கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கத்து வண்டிகள். அங்கே நான்கு வாங்குநர் வந்து பார்ப்பார்கள். இங்கே ஒருவர் வந்தால் பெரிது. அக்கரைப்பற்றில் நிற்கும் வண்டியைக் கொழும்பு விலைக்கே வாங்கினால், திரும்ப விற்கும்போது அதைக் கொழும்புக்கு ஓட்டிப்போய் நிறுத்தும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும். அந்தச் செலவை வாங்கும் நாளிலேயே கழித்துக் கேளுங்கள்; விற்பவருக்கும் அது தெரியும்.

மதிப்பீட்டு அறிக்கை

இதை விலை நிர்ணயிக்க எடுக்க வேண்டாம். மதிப்பீட்டாளர் பார்ப்பது ரகம், ஆண்டு, வெளித்தோற்றம், ஓடிய தூரம். கொம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் எழும் அழுத்தம்) அளப்பதும் செசியைத் தடவிப் பார்ப்பதும் அவருடைய வேலை அல்ல. அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு தொகை இருக்கும்: சந்தைப் பெறுமதி ஒன்று, அவசரமாக விற்றால் கிடைக்கும் பெறுமதி ஒன்று. லீசிங் கம்பனி இரண்டாவதைத்தான் பார்க்கும்.

அறிக்கை உண்மையில் உதவுவது காப்புறுதிக்கு. சந்தைப் பெறுமதியிலும் குறைத்துக் காப்புறுதி செய்தால், விபத்தின் பின் நட்டஈட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கூட்டிச் செய்தாலும் பிரீமியம்தான் கூடும். முழுச் சேதமானால் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு மேல் கிடைக்காது. மாற்றிய எஞ்சின், டர்போ, சஸ்பென்ஷன் இருந்தால் அறிக்கையில் எழுதிப் படத்துடன் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதாததற்குப் பின்னர் பணம் வராது.

இன்று இறக்கினால் என்ன முடியும்

2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காரை இறக்க முடியாது என்ற வரம்புடன்தான் திறந்தது. இந்த ஒரு வரியே ஸ்போர்ட்ஸ் கார் சந்தையை இரண்டாகப் பிரித்துவிட்டது. இறக்கக்கூடிய வண்டிக்கு ஒரு மேல் எல்லை உண்டு: புதிதாக இறக்கும் செலவுக்கு மேல் கொடுத்து யாரும் பழையதை வாங்க மாட்டார்கள். 90களின் ஈகே9 (சிவிக் டைப் ஆர்), ஆர்32 (நிசான் ஸ்கைலைன்), நிசான் சில்வியா போன்றவற்றுக்கு அந்த எல்லை இல்லை. நாட்டுக்குள் இருப்பவை மட்டுமே மிச்சம். ஹொண்டா எஸ்660 கூட 2022 மார்ச்சில் உற்பத்தி நின்றதால் இறக்கும் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதற்கும் இனி உள்ளூர் வண்டிகளின் விலைதான் விலை.

வரி எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தால் எந்த ரகம் விலையைத் தாங்கும் என்பதும் தெரியும். 2025 இல் திறந்தபோது சுங்க வரி 20 வீதம். அந்த வரியின் பாதி மேலதிக வரியாக வந்தது. அதற்கு மேல் கன அளவுப்படி உற்பத்தி வரி. காப்புறுதி, கப்பல் செலவு சேர்ந்த பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் பெற்றோல் காருக்கு ஆடம்பர வரி. எல்லாம் கூட்டிய பிறகு 18 வீத வற் வரி. வீதங்கள் மாறக்கூடியவை, கணக்குப் போடும் வாரத்தின் வர்த்தமானியைப் பாருங்கள். ஏலத்தில் நீங்கள் கொடுத்த தொகையைத்தான் சுங்கம் பெறுமதியாக எடுக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

விலையை நிர்ணயிப்பதில் உற்பத்தி வரிதான் பெரிய பங்கு. ஒரு சீ.சீ. க்கு இத்தனை ரூபா என்று போடுகிறார்கள். 1,000, 1,300, 1,500, 1,600, 1,800, 2,000 என்ற படிகளில் அந்த வீதம் ஏறும். படியைத் தாண்டினால் கூடிய வீதம் முழு எஞ்சினுக்கும் பொருந்தும். ஜீஆர் யாரிஸின் எஞ்சின் 1,618 சீ.சீ. வெறும் 18 சீ.சீ. யால் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. மஸ்டா ரோட்ஸ்டர் என்டி5 1,496. படிக்கு நான்கு சீ.சீ. உள்ளே நிற்கிறது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இஸட்சீ33 1,371. கொபென் 658. முந்திய டொயோட்டா 86 இன் எஞ்சின் 1,998; இப்போதைய ஜீஆர்86 2,387. உள்ளே இருக்கும் ஒரு நல்ல பழைய 86 விலையைத் தாங்கி நிற்பதற்கு இந்த வித்தியாசம் ஒரு காரணம்.

அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வண்டியை இறக்க அனுமதி உண்டு. 1989 இல் வந்த ஆர்32 ஜீடி-ஆர் 2014 இலும், 1999 இல் வந்த ஆர்34 2024 இலும் அந்த வாசலைக் கடந்தன. ஜப்பானில் அவற்றின் விலையும் உதிரிப்பாக விலையும் அதனால் ஏறின. அமெரிக்க ஏல விலையை மேற்கோள் காட்டி இங்கே விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியை அங்கே கொண்டுபோய் விற்க வழியில்லாதவருக்கு அந்த விலை இல்லை. அந்த விலையேற்றத்தால் நமக்கு வந்து சேர்ந்தது உதிரிப்பாகச் செலவு மட்டும்தான்.

ஏலத் தாளைப் படிப்பது

இறக்கிய வண்டி என்றால் ஏலத் தாள் கேளுங்கள்; ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைப் பார்த்து எழுதும் தாள் அது. கொடுக்கத் தயங்கினால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். தாள் வந்ததும் பலர் வலது மேல் மூலையில் உள்ள தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். 4.5 என்றால் நல்லது, 3.5 என்றால் மோசம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் அதைவிட முக்கியமானது ஆர் அல்லது ஆர்ஏ என்ற எழுத்து. உடலின் எலும்புப் பாகங்களில் அடிபட்டுத் திருத்திய வண்டி என்று பொருள். ஜப்பானியர் இதை ஷூஃபுகு ரெக்கி என்பார்கள். 4 தரமும் ஆர் தரமும் ஷோரூம் வெளிச்சத்தில் ஒன்றாகவே தெரியும்.

தாளின் கீழே காரின் படம் விரித்து வரைந்திருக்கும். ஏ என்பது கீறல், யூ நசுங்கல், டபிள்யூ திருத்திய இடத்தில் பெயின்ற் அலையாகத் தெரிவது, எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். கூட வரும் 1, 2, 3 அளவைக் காட்டும். ஏ1, யூ1 என்று ஏழெட்டு இருந்தால் பரவாயில்லை, ஓடிய வண்டிதான். பொனற்றிலும் இரண்டு முன் மட்காட்டிலும் எக்ஸ்எக்ஸ், அதை ஒட்டி டபிள்யூ2 என்றால் முன்பக்கம் முழுதாக அடி வாங்கியிருக்கிறது. தரம் எத்தனை என்று இருந்தாலும் அதையே நம்புங்கள்.

ஆண்டு ஜப்பான் கணக்கில் இருக்கும். ஹெய்செய் எண்ணுடன் 1988 ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 10 என்றால் 1998. ரெய்வா எண்ணுடன் 2018 ஐக் கூட்டுங்கள். ரெய்வா 5 என்றால் 2023. ஓடிய தூரத்தின் பக்கத்தில் சோக்கோ ஃபுமெய் என்று எழுதியிருந்தால் உண்மையான தூரம் தெரியாது என்று அர்த்தம். அந்த மீற்றர் எண்ணுக்கு ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். தாள்களைக் கணினியில் திருத்துவது கடினமல்ல. செசி இலக்கத்தைக் கொடுத்தால் மூலத் தாளைத் தேடித் தரும் கட்டணச் சேவைகள் உண்டு. வண்டி விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் கணக்கிலேயே வராது. ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள். ஜப்பானில் கடைசிப் பரிசோதனையில் பதிந்த தூரம் அதில் இருக்கும்.

பிரித்துப் போடும் கணக்கு

பழைய வண்டியில் முதலில் விலை போட வேண்டியது புத்தகத்துக்கும் செசிக்கும். எஞ்சினைப் பஞ்சிகாவத்தையில் தேடலாம், பெயின்ற் அடிக்கலாம், சீற் தைக்கலாம். சுத்தமான புத்தகத்தையும் நேரான செசியையும் எங்கும் வாங்க முடியாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வண்டி இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கு வரும் எஞ்சின் இலக்கம், ரகம், ஆண்டு, முழு உரிமையாளராக எந்த லீசிங் கம்பனியாவது நிற்கிறதா என்பவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பின்னர் புத்தகத்தை வண்டியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்; மாற்றிய எஞ்சினின் சுங்கப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, மூன்று கை மாறிய வண்டி என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் காணாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர் வெளிநாட்டில் என்றால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

இனி அடையாளம். சிவிக் ஈகே வண்டியில் பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே நிற்கும் தகட்டுச் சுவரின் நடுவில் செசி இலக்கம் அடித்திருக்கும். டைப் ஆர் என்றால் ஈகே9 என்று தொடங்கும். ஈகே4 என்று தொடங்கினால் அது எஸ்ஐஆர். சிவப்பு எச் அடையாளம், ரெக்காரோ சீற், பின் சிறகு எல்லாம் பிறகு ஏறியவை. அந்த இலக்கத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். நாற்புறமும் ஒரு சதுரமாக மேடு தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் தடித்து மினுங்கினாலோ, வேறு வண்டியிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு. எஞ்சினில், கியர் பொக்ஸ் சேரும் பக்கமாகப் புளொக்கின் முன்முகத்தில் பீ16பீ என்று இருக்க வேண்டும், எஸ்ஐஆரில் பீ16ஏ. எஸ்ஐஆரும் நல்ல கார்தான். எஸ்ஐஆர் விலைக்கு வாங்கினால் சந்தோஷமாக ஓட்டலாம்.

லான்சரில் இது இன்னும் பரவலான சிக்கல். சீகே2 உடலில் எவோ பம்பர், எவோ சிறகு பூட்டிய வண்டிகளை எந்த ஊரிலும் காணலாம். எவோ 3 க்குச் சீஈ9ஏ, எவோ 4 க்குச் சீஎன்9ஏ, 5, 6 க்குச் சீபீ9ஏ, 7 முதல் 9 வரை சீடி9ஏ, எவோ 10 க்குச் சீஸட்4ஏ. எவோ 3 முதல் 10 வரை என்று விற்கும் வண்டியில் இதற்கு வெளியே எது வந்தாலும் அது சாதாரண லான்சர். அதேபோல ஸ்கைலைன் ஆர்32 இல் பீஎன்ஆர்32 தான் ஜீடி-ஆர். எச்சீஆர்32 என்பது ஜீடிஎஸ்-டி.

செசிக் குறியீடு உதவாத வண்டியும் உண்டு, ஸ்டார்லெட் ஈபீ82. சாதாரண 4ஈ-எஃப்ஈ எஞ்சினும் ஜீடி டர்போவின் 4ஈ-எஃப்டீஈ எஞ்சினும் 1,331 சீ.சீ. தான். செசியும் ஈபீ82 தான். புத்தகத்தைப் பார்த்து முதலில் ஜீடியா, பிறகு டர்போ ஏற்றியதா என்று சொல்ல முடியாது. உண்மையான ஜீடியில் பொனற்றில் காற்று வாய், அதன் கீழே எஞ்சினின் மேல் படுத்திருக்கும் இன்ரர்கூலர், டாஷ்போர்ட்டில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டிக் குறைக்கும் ஹை, லோ பொத்தான், வேறு கியர் பொக்ஸ் என எல்லாம் சேர்ந்தே வரும். பொனற் வாயும் எஞ்சினும் இருந்து, பொத்தானும் அதற்கான வயரிங்கும் இல்லாவிட்டால் பிறகு ஏற்றியது. அப்போது சாதாரண ஈபீ82 இன் விலையில் தொடங்கி, எஞ்சினின் விலையில் பாதியைக் கூட்டுங்கள். முழு விலையைக் கூட்ட வேண்டாம். வேறொருவர் செய்த வயரிங்கைத் திருத்தும் வேலை உங்களுக்கு மிச்சம் இருக்கிறது.

எஞ்சினுக்கு விலை போடக் கொம்ப்ரஷன் அளவு அவசியம். எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, நல்ல பற்றரியில் சுற்றி அளக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் இடையில் 10 வீதத்துக்குள் வித்தியாசம் என்றால் ஏற்கலாம். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அதில் இரண்டு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கட். இரண்டுக்கும் செலவு வேறு, ஆகவே கழிக்கும் தொகையும் வேறு. டைமிங் பெல்ற் மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கில் எடுங்கள். பீ16பீ, ஆர்பீ26, 4ஜீ63 மூன்றும் பெல்ற் எஞ்சின்கள். பெல்ற் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

ஆர்எக்ஸ்-8 க்குச் சாதாரணக் கொம்ப்ரஷன் மீற்றர் உதவாது. ரோட்டரி எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அறைகள். சாதாரண மீற்றர் அந்த மூன்றில் கூடியதை மட்டும் காட்டி, இறந்த அறையை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள மீற்றரால் அளந்து, நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குத் திருத்திய பின் 680 கிலோபஸ்கலுக்குக் கீழே எந்த அறை இருந்தாலும் எஞ்சின் திறக்கும் நிலைதான். மீற்றர் கிடைக்காவிட்டால் ஒரு வழி உண்டு. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நண்பகலில் ஓட்டி வந்து, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் உடனே பிடித்த எஞ்சின் சூட்டில் நீளச் சுற்றியும் பிடிக்கத் தயங்கினால், வண்டியை எஞ்சின் இல்லாத வண்டியாக விலை பேசுங்கள்.

சீஆர்-இஸட்டில் விலையைத் தீர்மானிப்பது பற்றரி. ஏற்றமான பாதையில் இழுத்து ஓட்டும்போது டாஷ்போர்ட்டில் பற்றரி அளவைக் காட்டும் கட்டைகள் சட்டென்று விழுந்து, சமதரையில் உடனே நிரம்பினால் அதன் கொள்ளளவு போய்விட்டது. நமது கரையோரத்தில் ஏற்றமே இல்லை என்பதால் விற்பவர் காட்டும் ஓட்டத்தில் இது தெரியாது. ஸ்கானர் போட்டு ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றையும் பாருங்கள்.

பிறகு இல்லாதவற்றின் பட்டியல். மூல வீல்கள், ஏர்பாக் உள்ள மூல ஸ்டியரிங், மூல சைலன்சர், காற்று வடிகட்டிப் பெட்டி, இரண்டாவது சாவி. இவை போனால் விலை குறையும். விலை உயர்ந்த கொயிலோவரும் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) பெரிய டர்போவும் ஏற்றியிருந்தால், அவற்றுக்குக் கொடுத்த பணத்தை விற்பவர் கேட்பார். சந்தை அதில் சிறு பங்கையே திருப்பித் தரும். மாற்றாத வண்டியே கூடிய விலை போகும். மூலப் பாகங்களைப் பெட்டியில் கட்டி வைத்திருப்பவருக்கு மட்டும் சற்று அதிகம் கொடுக்கலாம்.

கிழக்குக்கென்று கழிக்க வேண்டியவை

கடலுக்கும் வாவிக்கும் இடையே நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று இருபுறமும் வரும். கல்லடி, நாவலடி, சாய்ந்தமருது, பொத்துவில் வண்டிகளை உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜக் வைக்கும் மடிப்பு, பின் சக்கர வளைவின் உள்மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, முன் சொக்கப்சோபர் மேல்முனை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி இந்த இடங்களில் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. ரோட்ஸ்டரில் துணிக் கூரையின் நீர் போகும் துளை அடைத்தால் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே குமிழி தெரியும்போது உள்ளே தகடு இல்லை. தகடு வேலை செய்யும் டிங்கர் பாஸ் சொல்லும் கூலியை ஒன்றரை மடங்காக எடுங்கள். வெட்டித் திறந்த பிறகு வேலை எப்போதும் கூடும்.

வெள்ளம் இரண்டாவது. இங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் தாழ்ந்த இடங்கள் மூழ்குவது தெரிந்த விஷயம். களனிப் பக்கத்து வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் கழுவித் துடைத்துத் தூர மாவட்டங்களுக்கு வரும். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுங்கள். அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கும். சீற் தண்டவாளத்தின் ஆணிகள், கார்பெற்றின் அடிப் பஞ்சு, ஹெட்லைட்டுக்குள் ஒரு நேர்க்கோடு ஆகியவற்றைக் கவனியுங்கள். பல ஜப்பான் வண்டிகளில் எஞ்சின் கணினி இடப்புறக் காலடியில் இருக்கிறது. சில் உயரத்துக்கு நீர் வந்தாலே அது நனைந்துவிடும். எவோ 10 இல் நான்கு சக்கர இயக்கத்தின் பம்ப் பின் சக்கரத்தருகே நிற்பதால், வெள்ளமும் உப்பும் முதலில் அதைத்தான் அரிக்கும். எச்சரிக்கை லைட் அணைந்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது பெற்றோல். இந்த வண்டிகளில் பல, ஜப்பானில் ஹை ஒக்டேன் ஊற்றி ஓட்டச் செய்தவை. ஆர்எக்ஸ்-8, எவோ, ரோட்ஸ்டர், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஜீஆர்86 எல்லாம் அந்த வகை. இங்கே பெரும்பாலும் 95 ஒக்டேன்தான் கிடைக்கும், அதுவும் எல்லாப் பெற்றோல் செட்டிலும் இல்லை. உங்கள் ஊருக்கு அருகில் எந்தச் செட்டில் நிரந்தரமாக 95 உண்டு என்பதை முதலில் பாருங்கள். பூஸ்ட் கூட்டிய வண்டியில் 92 ஊற்றினால் எஞ்சின் தட்டும். தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டன் உடையும். சீஆர்-இஸட்டும் கொபெனும் சாதாரணப் பெற்றோலுக்கு வடிவமைத்தவை. தினமும் செங்கலடிக்கும் மட்டக்களப்புக்கும் இடையே வேலைக்கு ஓடுபவருக்கு அதுவே போதுமான காரணம்.

யாருக்கு எது

மூன்று வயதுக்குட்பட்ட ஸ்விஃப்ட் ஸ்போர்ட், கொபென், ரோட்ஸ்டர் வாங்குபவர் இறக்கும் செலவைக் கணக்கிட்டு, அதையே மேல் எல்லையாக வைத்து, ஏலத் தாளால் கீழே இறக்கட்டும். பதிவான சீஆர்-இஸட் போன்றவற்றுக்கு விளம்பரங்கள் ஓரளவு கிடைக்கும் என்பதால் ஆறு வாரக் குறிப்பு பயன்படும். அதில் பற்றரியைக் கழித்தால் போதும். ஈகே9, எவோ, ஆர்எக்ஸ்-8, ஸ்டார்லெட் டர்போ, சில்வியா போன்றவற்றுக்குப் பிரித்துப் போடும் கணக்குத்தான். அதில் வந்த தொகை விளம்பர விலையைவிட மிகக் குறைவாக இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள், கணக்கை வளைக்க வேண்டாம். மிகக் கூடுதலாக வந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள்; பெரும்பாலும் அது புத்தகத்தில் இருக்கும்.

விலை சரிவந்து முற்பணம் கொடுக்கும்போது, வெறும் துண்டில் தொகையும் கையெழுத்தும் மட்டும் வாங்காதீர்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், அன்றைய மீற்றர் எண், கூட வரும் மூலப் பாகங்களின் பட்டியல், இரண்டு சாவி, புத்தகத்தில் உள்ளவர் எந்தத் திகதிக்குள் கையெழுத்திட வருவார் என்பது, வராவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பும் என்பது ஆகியவற்றை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, அடையாள அட்டை இலக்கத்தையும் சேருங்கள். கொம்ப்ரஷன் எண்களையும் அதிலேயே எழுதிவிட்டால், வண்டி எடுக்கும் நாளில் எஞ்சின் மாறியிருந்தால் மறுபடி அளந்து காட்டலாம்.